கவுச்சி போன கல்

கல்லுக்கு உயிர் உண்டு என்று என் வீட்டுக்காரர் முதல் தடவை சொன்னபோது, பத்து வருஷம் சென்னையில் மீன் தொட்டி கழுவியதில் மனுஷனுக்கு மூளை ஊறிப்போய்விட்டது என்றுதான் நினைத்தேன். கல்யாணமான புதிது என்பதால் வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவர் பெயர் ராஜதுரை. கல்வராயன் மலையில் சாமை விதைக்கிற வீட்டில் பிறந்தவர். கடலையே பார்க்காமல் கிழடு தட்டிப்போன ஜனங்களின் பிள்ளை சென்னை கொளத்தூருக்குப் போய்க் கடல் மீன் வளர்க்கக் கற்றுக்கொண்டு வந்தது எங்கள் சொந்தக்காரர்களுக்கு இன்றைக்கும் சிரிப்புத்தான்.

அந்தக் கல் இன்னது என்று சொல்லிவிடுகிறேன். கடல் தண்ணீர்த் தொட்டிக்குள் அடுக்கி வைக்கிற கல். எப்போதோ செத்த பவளப் பாறையின் துண்டு. உடம்பெல்லாம் ஓட்டை, தூக்கினால் லேசு. அந்த ஓட்டைகளுக்குள் கண்ணுக்குத் தெரியாத பூச்சிகள் கோடிக்கணக்கில் குடியிருக்கும். மீன் கழிக்கிற அசிங்கத்தை அவைதான் தின்று தண்ணீர் விஷமாகாமல் பார்த்துக்கொள்ளும். பூச்சி இருந்தால் அது உயிர்க்கல், இல்லாவிட்டால் வெறும் கல். கடைக்காரர்கள் லைவ் ராக் என்பார்கள். இவர் உசுருக்கல்லு என்பார்.

கள்ளக்குறிச்சியில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சின்னக் கடை வைத்திருந்தார். கலர் மீன் விற்கிறவர்கள் வேறு ஆட்களும் உண்டு; கடல் தொட்டி வைத்துக் கொடுக்கிறவர் இவர் ஒருவர்தான். தண்ணீர் சரியில்லை என்று யாராவது கூப்பிட்டால் முதலில் மூடியைத் தூக்கி மூக்கை உள்ளே விடுவார். "நேத்து தீனி ஜாஸ்தி போட்டுட்டீங்க" என்பார். தொட்டிக்காரர் முழிப்பார். அந்த மூக்கின் மேல் அவருக்கு அப்படி ஒரு கர்வம். நான் குழம்பைக் கொஞ்சம் அடிப்பிடிக்க விட்டால் போதும், தெருவிலிருந்தே சொல்லிக்கொண்டு வருவார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

பிறகு சுகர் வந்தது. வந்தது என்ன, ஏற்கெனவே இருந்தது; ஊசி வேண்டாம், கஷாயம் குடிக்கிறேன் என்று இவர்தான் எங்களை ஏமாற்றிக்கொண்டிருந்தார். இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து மூன்றே மாதத்தில் பார்வை போனது. வலது கண்ணிலும் மூட்டம் போட ஆரம்பித்ததும் கடையைக் காலி செய்தோம். மீன்களை யார் யாரோ எடுத்துக்கொண்டார்கள். கற்களை யாரும் கேட்கவில்லை. இரண்டு கோணிப்பையில் கட்டி, எங்கள் வீட்டுக் கொல்லையில் சுவரோரம் போட்டோம். ஒன்பது மாதம் அவற்றை ஏன் என்று கேட்க ஆளில்லை. கண்ணுக்காக ஓடியவர்களுக்குக் கல் எங்கே நினைப்பில் இருக்கும்?

கடைசியாகப் பாண்டிச்சேரியில் வலது கண்ணுக்கு ஆபரேஷன் செய்தார்கள். உள்ளே எண்ணெய் மாதிரி ஒன்றை வைத்து, ஏழாவது வாரம் வாருங்கள், அப்போதுதான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர். நான் வெளியே வந்து, "கண்டிப்பா தெரியும்னு சொல்லிட்டாரு மாமா" என்றேன். கதவு திறந்துதான் இருந்திருக்கிறது. டாக்டர் சொன்னதை இவரும் கேட்டிருக்கிறார். பஸ்ஸில் வரும்போது என் கையைத் தட்டிக்கொடுத்து, "பொய் சொல்லும்போது ஒன் கொரலு ஒரு மாரி கொழையுது வளரு" என்றார். வளர்மதி என்ற என் பெயரை அவர் அப்படித்தான் சுருக்குவார். அன்றைக்குச் சிரித்துவிட்டேன்.

ஊருக்கு வந்ததும் மலையைப் பார்த்துக் கரியராமருக்கு வேண்டிக்கொண்டேன். நாற்பத்தெட்டு நாள் என் வீட்டில் கவுச்சி புழங்காது, அவர் கண்ணைக் கொடு என்று. எங்கள் பக்கம் கறி, மீன், கருவாடு எல்லாமே கவுச்சி. அவற்றின் நாற்றத்துக்கும் அதே பெயர்தான். வேண்டுதல் என்று வந்தால் இரண்டும் ஆகாது. சட்டி பானையைப் புளி போட்டு விளக்கினேன். முட்டைகூட வாங்கவில்லை. சாமி தன் பங்கைச் செய்கிறதோ இல்லையோ, என் பங்கில் ஒரு குறை சொல்லக்கூடாது என்று வைராக்கியமாக இருந்தேன்.

ஐந்தாவது நாள் இவர் அந்தக் கற்களைக் கேட்டார்.

சின்னசேலத்தில் ஒரு பல் டாக்டர் அம்மா போன் செய்திருந்தார். புதிதாகக் கட்டிய கிளினிக்கின் முன்னறையில் கடல் தொட்டி வைக்க ஆசை. வாரம் ஒரு நாள் நீங்களே வந்து பார்த்துக்கொள்வதாக இருந்தால் வைக்கிறேன் என்றாராம். கண் விஷயம் அவருக்கும் தெரியும்.

"கண்ணு தெரியாதவன் இன்னாத்த பாத்துப்பான்னு நாலு பேரு கேப்பான்" என்றார் இவர். "அதனால மொதல்ல நம்ம வூட்லயே வெச்சி காட்டுறேன். அந்தக் கல்லுங்களத் திருப்பி உசுராக்கி, ரெண்டு மீனு வுட்டு, ஒரு மாசம் அதுங்க பொழச்சிக் கெடந்தா போதும். அப்பறம் ஒருத்தனும் வாயத் தொறக்க மாட்டான். கண்ணு வந்தா வரட்டும், வராட்டி போவட்டும். எனக்கு மூக்கு கீது."

அந்தக் கடைசி வார்த்தையைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு மட்டும்தான் தெரியும். ஒன்பது மாதம் செத்துக் கிடந்த முகத்துக்கு உயிர் வந்திருந்தது. நான் கோணியை அவிழ்த்தேன்.

நீல டிரம் ஒன்றில் கேன் தண்ணீர் ஊற்றி, கடையில் மிச்சமிருந்த கடல் உப்பை அவர் சொன்ன அளவுக்குக் கரைத்தேன். அவர் தரையில் உட்கார்ந்து ஒவ்வொரு கல்லாக மடியில் வைத்து, விரலால் தடவித் தடவி, பழைய பல் பிரஷ்ஷால் காய்ந்த பாசியையும் ஒட்டிக் கிடந்த சிப்பியையும் சுரண்டினார். பிறகு கற்களை டிரம்மில் இறக்கி, உள்ளே தண்ணீரைச் சுழற்றுகிற சின்ன மோட்டாரைப் போட்டு, வெளிச்சம் படாமல் தார்ப்பாயால் மூடினோம். வாரத்துக்கு ஒரு தடவை தண்ணீர் மாற்ற வேண்டும். அவ்வளவுதான் வேலை என்றார்.

நாற்றத்தைப் பற்றி அவர் சொல்லவில்லை. நான்காம் நாள் டிரம்மிலிருந்து அழுகின முட்டையும் செத்த எலியும் சேர்ந்த மாதிரி ஒன்று கிளம்பி, கொல்லையைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டி, சாமி மாடம் வரைக்கும் வந்தது. நான் இவரிடம் ஓடினேன்.

"மாமா, இது கவுச்சி இல்லாம வேற இன்னா? நான் வேண்டுதல்ல கீறேன்னு தெரியுமில்ல?"

"கல்லுக்குள்ள செத்ததுங்க அழுவுது வளரு. அழுவட்டும். அந்த அழுவலத் தின்னத்தான் பூச்சிங்க திரும்ப வரும். நாத்தம் கொறையக் கொறைய கல்லு பொழைக்குதுன்னு அர்த்தம். கடசீல கடல் வாசம் அடிக்கும் பாரு, அன்னிக்கு கல்லுக்கு உசுரு வந்திடிச்சி."

"அதுக்கு எத்தினி நாளு?"

"ஆறு வாரம்."

நான் சாம்பிராணி போட்டேன். வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்தேன். இவரோ தினமும் காலையில் சுவரைத் தடவிக்கொண்டு கொல்லைக்குப் போய், தார்ப்பாயை விலக்கி மோந்து பார்த்துவிட்டு, பரீட்சை ரிசல்ட் வந்தவர் மாதிரி வந்து சொல்வார். "முட்ட நாத்தம் போயிடிச்சி." பத்து நாள் கழித்து, "இப்ப சேத்து வாசம்தான்." நாற்றம் குறைந்தது உண்மைதான். எனக்கு ஆனால் அது சாமி கும்பிடுகிற வீட்டில் கவுச்சிதான், கொஞ்சமாக இருந்தால் என்ன, நிறைய இருந்தால் என்ன.

டாக்டர் சொன்ன தேதி நாற்பத்தைந்தாவது நாளில் விழுந்தது. அவர் தம்பி சின்னப்பையன் மலையிலிருந்து இறங்கி வந்து, "நீ இரு அண்ணி, நான் இட்டுக்கினு போறேன்" என்றான். கிளம்புகிற அன்றைக்குக் காலையில் இவர் டிரம்மிலிருந்து தலையைத் தூக்கியபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

"லேசா வருது வளரு. கடல் வாசம்."

நான் போய் மோந்து பார்த்தேன். மீன் மார்க்கெட்டைக் கழுவிவிட்ட மாதிரி ஒரு வாசம். எனக்குக் கடல் தெரியாது. பாண்டிச்சேரிக்கு அத்தனை தடவை போயும் பஸ் ஸ்டாண்டு, ஆஸ்பத்திரி, திரும்பவும் பஸ் ஸ்டாண்டு, அவ்வளவுதான். எனக்குத் தெரிந்த ஒரே பெயரைத்தான் அதற்கு வைத்தேன். கவுச்சி.

அவர்கள் போனதும் உட்கார்ந்து யோசித்தேன். நாளைக்கு டாக்டர் கண்ணைத் திறந்து பார்க்கப் போகிறார். நாற்பத்து நான்கு நாள் நாக்கைக் கட்டி இருந்தும் கொல்லையில் ஒரு டிரம் கவுச்சியை வைத்துக்கொண்டு சாமியிடம் எந்த முகத்தோடு கேட்பது? மிச்சமிருக்கிற நாலு நாளாவது சுத்தமாக இருக்கட்டும் என்று தோன்றியது. கல்லை நான் தூக்கியா எறியப் போகிறேன்? கழுவத்தானே போகிறேன். நாற்றம் போனால் உயிர் வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். இப்படித்தான் நினைத்தேன், இதில் பொய் இல்லை.

இரண்டு வீடு தள்ளித் தைலம்மாள் அக்கா இருக்கிறாள். ஊர்த் தண்ணீர் டேங்கு கழுவுகிற வேலை அவளுக்கு. அவளிடம் கேட்டேன்.

"தொட்டி நாத்தத்துக்கு பிளீச்சிங் பவுடர வுட்டா வேற இன்னா மருந்து கீது?" என்று முந்தானைக்குள் மறைத்து ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். "ஊற வெச்சி, நல்லா தேச்சி, அஞ்சாறு தண்ணில அலசி வெயில்ல போடு. டேங்குல செத்த காக்கா நாத்தமே போயிடும்."

அவள் சொன்னபடியே செய்தேன். கற்கள் நுரைத்தன. தவிட்டு நிறமாகவும் ஊதாவாகவும் இருந்தவை வெளுத்தன. ஐந்து தண்ணீருக்கு ஆறு தண்ணீராக அலசி, மொட்டை மாடியில் பரப்பி இரண்டு நாள் காயவைத்தேன். எனக்கு மனசு நிறைந்திருந்தது. இரண்டாம் நாள் மத்தியானம், கற்களைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தபோது சின்னப்பையன் போன் செய்தான்.

"அண்ணி, அந்தக் கண்ணும் அவ்ளோதானாம். நரம்பே செத்துப் போச்சின்றாங்க. அண்ணனுக்கும் தெரியும். ஒங்கிட்ட சொல்லாதன்னு சொல்லிக்கினு கீறாரு."

அந்த வெயிலில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சாமியைத் திட்டினேன். அசிங்கமாகத் திட்டினேன். அன்றைக்கே கோழி அறுத்துக் குழம்பு வைத்திருக்கலாம். மிச்ச நாளையும் விரதமாக இருந்து முடித்தேன், என்ன கருமத்துக்கு என்று தெரியவில்லை. கற்களைப் புது உப்புத் தண்ணீரில் போட்டு, பழையபடி மூடிவைத்தேன்.

போன் வந்த மறுநாள் வீட்டுக்கு வந்தவர், "பாக்கலாம்னு சொன்னாங்க" என்றார். நானும் "சரி மாமா" என்றேன். செருப்பைக் கழற்றியதும் நேராக டிரம்மிடம் போனார். தார்ப்பாயை விலக்கி, வெகுநேரம் குனிந்தபடியே இருந்தார்.

"கவுச்சி சுத்தமா போயிடிச்சி. ஆனா ஒண்ணுமே வரலியே. வெறும் உப்புத் தண்ணி மாரி கீது. ஒனக்கு கடல் வாசம் வருதா?"

கண் போன செய்தியோடு வந்து நிற்கிற மனுஷன். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"வருது மாமா. நல்லாவே வருது."

"எனக்கு வரலியே."

"பஸ்ல காத்து பட்டு சளி புடிச்சிருக்கும்."

குரல் குழைந்துவிடாமல் பார்த்துக்கொண்டேன். அந்த ஒரு தடவை ஜெயித்துவிட்டேன். தண்ணீரில் விஷம் இருக்கிறதா என்று பார்க்கிற மருந்தைச் சொட்டு விடச் சொன்னார். மஞ்சளாக இருந்தால் நல்லது, பச்சையானால் விஷம். மீனே விடாத புதுத் தண்ணீர், மஞ்சளாகத்தான் இருந்தது. அதை மட்டும் உண்மையாகச் சொன்னேன்.

மூன்றடிக் கண்ணாடித் தொட்டியைக் கூடத்தில் வைத்து, கற்களை அவரே தடவித் தடவி அடுக்கினார். ஒரு கல்லின் மேல் இன்னொரு கல் ஆடாமல் உட்காருகிறதா என்று கையால் அழுத்திப் பார்த்தார். சென்னையிலிருந்து தெர்மாக்கோல் பெட்டியில் இரண்டு கிளவுன் மீன்கள் வந்தன, ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்டவை. விட்ட அன்றைக்கு இவர் தொட்டியை விட்டு நகரவில்லை.

"இன்னா பண்ணுதுங்க?"

"பெரிசு கல்லு பொந்துக்குள்ள போய்ட்டு போய்ட்டு வருது. சின்னது அது பின்னாடியே சுத்துது மாமா."

"கல்லு அதுக்கு புடிச்சிருக்குது" என்று சிரித்தார். நான்கு நாள் எங்கள் வீட்டில் சிரிப்பு இருந்தது. அந்த நாலு நாளுக்காகவாவது நான் சாமிக்கு நன்றி சொல்ல வேண்டுமோ என்னவோ. சொல்ல மாட்டேன்.

ஐந்தாம் நாள் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. மருந்து விடச் சொன்னார்.

"பச்சையா கீது மாமா."

"எளம் பச்சயா, கரும் பச்சயா?"

"கரும் பச்ச."

உடனே தண்ணீர் மாற்றச் சொன்னார். இரண்டு தடவை தண்ணீர் மாற்றினோம். மறுநாள் காலையில் இரண்டும் செத்து மிதந்தன. இவர் கையை விட்டுத் துழாவி இரண்டையும் எடுத்து, உள்ளங்கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

"கல்லுல உசுரு இருந்தா இது நடக்காது" என்றார். "அது செத்த கல்லு. ஒரு பூச்சிகூட திரும்பல. ஆஸ்பத்திரிக்குப் போற அன்னிக்கு கடல் வாசம் வருதுன்னு சொன்னனே, அது மூக்கு சொன்ன பொய்யி. சுகரு ஒண்ணொண்ணா தின்னுக்கினு வருது வளரு. கண்ணு மொதல்ல. இப்ப மூக்கு."

"இல்ல மாமா."

"கண்ணு போனப்பகூட எனக்கு இப்படி இல்ல."

பல் டாக்டர் அம்மாவுக்கு அவரே போன் செய்து, வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். எனக்கு உள்ளே என்னவோ உறுத்தியது. கழுவியதால் இருக்குமோ என்று. கழுவியதால் என்ன ஆகும் என்று நானே அதை அமுக்கினேன்.

அடுத்த வாரம் அவருடைய ஆஸ்பத்திரிப் பேப்பர்களை வாங்க நான் தனியாகப் பாண்டிச்சேரிக்குப் போனேன். பேப்பர் கிடைக்கச் சாயந்திரம் ஆகும் என்றார்கள். எங்கே போவது என்று தெரியாமல் ஜனங்கள் போகிற பக்கமாக நடந்தேன். கடைசித் தெருமுனையில் திரும்பியதும் காற்று முகத்தில் அடித்தது.

அதே வாசம். அவர் சிரித்துக்கொண்டு தலையைத் தூக்கிய காலையில் டிரம்மில் இருந்த அதே வாசம், துளி வித்தியாசமில்லை. எதிரே கடல் கிடந்தது. நான் அதைப் பார்க்கவில்லை. ரோட்டோரம் குந்தி, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அந்தக் கல் பிழைத்திருந்தது. அவர் மூக்கு ஒரு பொய்யும் சொல்லவில்லை. கண்ணுக்காக வேண்டிக்கொண்டு, இருந்த ஒன்றையும் நான்தான் என் கையால் தேய்த்துக் கழுவி வெயிலில் காயப்போட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து அவர் காலடியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பவுடர், வெயில், கடல் வாசம் வருகிறது என்று சொன்ன பொய், எதையும் விடவில்லை. அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

அவர் என் தலையைத் தடவிக்கொடுத்தார்.

"கண்டிப்பா கண்ணு தெரியும்னு டாக்டரு சொன்னாருன்னு சொன்னியே, அந்த மாரியா?"

"சத்தியமா மாமா. ஒம்மேல சத்தியமா."

"பிளீச்சிங் பவுடரு நாத்தம் அலசுனா போயிடுமா? நீ சொல்றது நெஜம்னே வெச்சிக்கோ. அந்த நாத்தமே தெரியாத மூக்கு இன்னா மூக்கு? ரெண்டு வழிலயும் அது செத்த மூக்குதான். எனக்காக பழிய ஒம்மேல போட்டுக்காத. நீ நல்லவ."

குரல் அழுகையில் குழைந்து கிடந்தது. அதைத்தான் அவர் பொய் என்று எடுத்துக்கொண்டார். எனக்கு வேறு வழி தெரியவில்லை. ஓடிப்போய்த் தைலம்மாளைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"அக்கா, அன்னிக்கு நீ பவுடர் குடுத்தியா இல்லியா, சொல்லுக்கா."

அவள் என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், வாசலில் யாராவது நிற்கிறார்களா என்று பார்த்தாள். டேங்குக்குக் கொடுக்கிற பவுடர் வீட்டுக்கு வந்தது தெரிந்தால் அவள் வேலை போய்விடும். புருஷன் இல்லாதவள்.

"டேங்கு பவுடர நான் ஏம்மா வூட்டுக்கு குடுக்கப் போறேன்? நல்லா இருக்குதே கத" என்று சொல்லிவிட்டு, புடவையை உதறிக்கொண்டு போய்விட்டாள். அவளைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது.

"பாத்தியா" என்றார் அவர். கோபமே இல்லை. அந்தப் பேச்சை அதோடு முடித்துக்கொண்டார்.

இப்போது அவர் கொல்லைக்குப் போவதில்லை. தொட்டியைச் சின்னப்பையன் எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் சட்டியை அடிப்பிடிக்க விட்டாலும் ஒன்றும் சொல்வதில்லை. தட்டில் சோறு போட்டுக் கையில் கொடுத்தால் உடனே சாப்பிடுவதில்லை. தட்டை என் பக்கம் நீட்டுகிறார்.

"கெட்டுப் போயிருக்கா, மோந்து சொல்லு வளரு."

நான் மோந்து பார்த்து, நல்லாத்தான் கீது மாமா என்று சொன்ன பிறகுதான் வாயில் வைக்கிறார்.